வலியை மறைத்து ஓடாதீர்கள்

விடாமுயற்சி ஆபத்தாகும் இடம்

மானகிரி, கல்லல் பக்கத்துப் பிள்ளைகள் விளையாட்டில் மேலே வர அருகிலேயே வழி இருக்கிறது: காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் அதன் உடற்கல்விக் கல்லூரியும். பல்கலைக்கழக அணி வரை வந்துவிட்டவருக்கு விடாமுயற்சி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. என் கவலை, அதே விடாமுயற்சி அவர் உடம்பைக் கெடுத்துவிடக் கூடாதே என்பதுதான். 2015-இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனைகளில், விடாப்பிடி மிகுந்தவர்கள் தோற்றுக்கொண்டிருந்த வேலையைக்கூட, காசு நஷ்டமானாலும் கைவிடாமல் தொடர்ந்தார்கள். மைதானத்தில் அந்த நஷ்டம் முழங்காலிலும் கணுக்காலிலும் விழும்.

மாத்திரை என்ன செய்கிறது

போட்டி நெருங்கியதும் மெடிக்கலில் மருத்துவர் சீட்டு இல்லாமல் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போட்டு, கணுக்காலில் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. மாத்திரை வலியை அடக்கும். எலும்பில் விழுந்த விரிசலை ஆற்றாது. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். சிவகங்கைச் சீமையின் சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமில்லை. அதற்கடுத்த படி ஊக்கமருந்து. 2024-இல் இந்தியாவில் சோதித்த 7,113 மாதிரிகளில் 260-இல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. முதல்முறை சிக்கினாலே நான்கு ஆண்டுவரை தடை வரலாம். கல்லூரிக் காலம் அதிலேயே போய்விடும்.

“கஷ்டப்படாமல் ஜெயிக்க முடியுமா?”

முடியாதுதான். ஆனால் கடும் பயிற்சிக்கு மறுநாள் தொடை முழுக்க இருக்கும் வலி இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில், விரல் வைத்தாலே சுள்ளென்று குத்தி, ஓட ஓடக் கூடும் வலி வேறு; அது எலும்பில் விழுந்த விரிசலாக இருக்கலாம். அன்றைக்கே பயிற்சியை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையை நம்பியிருக்கும் ஏழை வீட்டுப் பிள்ளை ஓய்வெடுக்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெரும்பாலும் ஆறேழு வாரத்தில் ஆறிவிடும் விரிசல், முறிவாகிவிட்டால் பல மாதங்களையும் அறுவை சிகிச்சைச் செலவையும் கேட்கும். அதைத் தாங்க முடியாத வீடுதான் முதலில் ஓய்வு கொடுக்க வேண்டும். தூக்கமும் பயிற்சியில் சேர்ந்ததே. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேர் சில வாரங்கள் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்க முயன்றபோது, ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவீதம் கூடியது. ஓட்ட வேகமும் கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனால் செலவில்லாத வழி.

பயிற்சியாளர்களே, வலிக்கிறது என்று வந்து சொல்லும் மாணவரை அணியிலிருந்து ஓரங்கட்டிவிடாதீர்கள். ஓரங்கட்டப்படுவோம் என்ற பயம் போனால்தான் அவர் மெடிக்கலுக்குப் போகாமல் உங்களிடம் வருவார்.