அன்னம் வழங்குவோருக்குச் சட்டத்தின் அரண்

திருமணமாயினும் திருவிழாவாயினும், உணவு குறைந்துவிடக் கூடாதே என்று சற்று மிகுதியாகவே சமைப்பது நம் வழக்கம். விருந்து முடிந்தபின் எஞ்சுவதை என்செய்வது? அதே குடியிருப்புப் பேட்டையில், இரண்டு புளோக் தள்ளி, வாடகை வீட்டில் தனித்து வாழும் முதியவர் ஒருவர் காலையில் வாங்கிய ரொட்டியையே இரவுக்கும் வைத்திருக்கக்கூடும். இருந்தும் நல்ல உணவு குப்பைத் தொட்டியைச் சேர்கின்றது. சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 813,000 டன் உணவு கழிவாயிற்று.

கொடுக்க மனமில்லாமை மட்டுமே இதற்குக் காரணமன்று. அச்சமும் ஒரு காரணமாகும். "நாம் கொடுத்ததை உண்டு எவரேனும் நோயுற்றால் வழக்கு நம்மீதன்றோ வரும்?" என்று உணவகத்தாரும் விருந்துணவு தயாரிப்போரும் தயங்கினர். இத்தயக்கத்தை நீக்கவே, 2024 ஆகஸ்டு 7ஆம் நாள் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நல்ல சமாரியர் உணவு நன்கொடைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதனைத் தனியார் உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்தவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களே. வழியில் அடிபட்டுக் கிடந்த அயலானுக்கு உதவியவராக விவிலியம் கூறும் சமாரியரின் பெயரையே இச்சட்டம் தாங்கியுள்ளது. அமெரிக்கா 1996லும் மலேசியா 2020லும் இத்தகைய சட்டங்களை இயற்றியுள்ளன.

நன்கொடை உணவை உண்டவருக்குத் தீங்கு நேரின், கொடுத்தவர் இழப்பீட்டு வழக்கிலிருந்தும் குற்றப் பொறுப்பிலிருந்தும் காக்கப்படுவார் என்பதே சிங்கப்பூர்ச் சட்டத்தின் சாரம். ஆயினும் நான்கு நிபந்தனைகளை அவர் நிறைவேற்றியிருத்தல் வேண்டும்.

முதலாவது, தம் கையைவிட்டு நீங்கும் வேளையில் அவ்வுணவு உண்ணத் தகாததாகவோ தீங்கு பயப்பதாகவோ இருத்தலாகாது. இரண்டாவது, அதனைக் குளிரில் வைக்க வேண்டுமா, சூடாகவே வைக்க வேண்டுமா என்பன போன்ற பாதுகாப்பு முறைகளைப் பெறுபவரிடம் தெரிவித்திருத்தல் வேண்டும். மூன்றாவது, எவ்வளவு நேரத்திற்குள் உண்ண வேண்டும் என்பதையும் தெரிவித்திருத்தல் வேண்டும். நான்காவது, உணவுப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டங்களைப் பின்பற்றத் தக்க முயற்சிகள் அனைத்தையும் மேற்கொண்டிருத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். காலை 11 மணிக்குச் சமைத்த பிரியாணி, பிற்பகல் 2 மணிக்கு நாற்பது பேருக்கு எஞ்சியிருக்கின்றது என்போம். சமைத்த உணவைச் சூடாக வைக்காவிடில் 4 மணி நேரத்திற்குள் உண்டுவிட வேண்டும் என்பது விதி. ஆகவே அதற்கு எஞ்சியிருப்பது ஒரு மணி நேரமே. "3 மணிக்குள் உண்க" என்று எழுதி, உடனே அண்டை வீட்டாருக்கு அளித்தால் அது அறமாகும். மாலைவரை மேசைமீது கிடந்ததை, ஏதும் கூறாமல் இரவு 7 மணிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பின் அது அறமாகாது. சட்டத்தின் அரணும் அங்கே துணை நிற்காது.

இச்சட்டம் அச்சத்தை நீக்குகின்றதேயன்றிக் கவனத்தை நீக்கவில்லை. இலவசமாகப் பெறுபவர் என்பதால் அவர்தம் வயிறு தாழ்ந்ததன்று. நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயங்கும் உணவைப் பிறருக்குக் கொடுத்தல் தகாது. பெறுபவரைக் காப்பதற்காகவே அந்நான்கு நிபந்தனைகளும் வைக்கப்பட்டுள்ளன என்பதை மறத்தலாகாது.

ஆகவே விருந்து நடத்துவோர், எஞ்சும் உணவு எங்கே செல்லும் என்பதை முன்னதாகவே திட்டமிடுமாறு வேண்டுகின்றோம். பரிமாறாத உணவைத் தூய கலங்களில் தனியே எடுத்துவையுங்கள். சமைத்த நேரத்தையும் உண்ண வேண்டிய நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். இந்தச் சிறு சீட்டு கொடுப்பவருக்கு அரணாகும், உண்பவருக்கோ உயிர்க்காப்பாகும்.