பையும் புள்ளியும்

முப்பது வருட காலம் பிறருக்குப் பாடஞ் சொன்ன ஒருவன் தன் மாணாக்கனுக்கே மாணாக்கனாதல் ஒரு தனி அநுபவம். அந்த அநுபவம் சென்ற வருடம் எனக்கு வாய்த்தது. பாடம் இலக்கணமன்று, இலக்கியமுமன்று. கணினியிலே நிழற்படந் திருத்தும் வித்தை. ஆசிரியர், உயர்தர வகுப்பிலே பயிலும் பதினெட்டு வயதுப் பையன். மாணாக்கன், ஐம்பத்தாறு வயதுப் பண்டிதன்.

'இந்த வயதிலே இஃது எதற்கு?' என்று வீட்டிலுங் கேட்டார்கள்; வித்தியாசாலையிலுங் கேட்டார்கள். காரணம் இல்லாமலில்லை.

பொலன்னறுவையிலே, தொல்பொருளாளர் இரண்டாஞ் சிவாலயம் என்று இலக்கமிட்டு வழங்கும் கற்றளி ஒன்று உண்டு. வானவன்மாதேவி ஈச்சரம் என்பது அதன் பழம் பெயர். 11ஆம் நூற்றாண்டிலே சோழர் ஆட்சியில் எழுந்த கோயில் அது. அதன் சுவர்களிலே தமிழ்ச் சாசனங்கள் இருக்கின்றன. அவ்வூரிலேயே வேளைக்காரப் படையினரின் தமிழ்ச் சாசனம் ஒரு தனிக் கல்லிலே நிற்கின்றது. நம் மாணாக்கர் இவற்றைப் பற்றி அச்சுப் புத்தகத்திலே படிக்கின்றனர், பரீட்சையிலே எழுதுகின்றனர், பின்பு மறக்கின்றனர். கல்லிலுள்ள எழுத்தைக் கண்ணாற் கண்டவர் எத்தனை பேர்? வருடந்தோறும் வகுப்பு முழுவதையும் அழைத்துப் போதல் இயலாது. ஆதலால் சாசனங்களைப் படமெடுத்து வந்து வகுப்பறையிலே காட்டுவதென்று துணிந்தேன். பழைய மாணவர் ஒருவர் நல்ல கமரா ஒன்றை அன்பளிப்பாகத் தந்தார்.

கமரா வந்தது. அதை எதில் வைத்துக் கொண்டு போவது? இங்கேதான் என் முதற் பாடம் தொடங்கிற்று.

வீட்டிலே பனையோலை உமல் ஒன்று இருந்தது. மாங்காய்க்கும் மரக்கறிக்கும் அது மிக உகந்தது, காற்றோட்டமுடையது. ஒரு சால்வையிலே கமராவைச் சுற்றி உமலுக்குள் இட்டுக்கொண்டு பஸ்ஸேறினேன். வழியிலே மழை பிடித்தது. யன்னல் இறுகி மூட மறுத்தது. காற்றோட்டமுள்ள உமல் நீரோட்டமும் உடையதாயிற்று. ஹபரணையைக் கடக்கும்போது சால்வையைப் பிரித்துப் பார்த்தேன். வில்லையின் உள்ளே பனி படர்ந்ததுபோல ஈரம். பொலன்னறுவையிலே அன்று ஒரு படமும் எடுத்தேனில்லை. கல்லைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

பின்பு பை வாங்கப் புறப்பட்டேன். கடையிலே நூறு பைகள் தொங்கின. எல்லாம் அழகாகவே இருந்தன. என்னுடன் வந்த இளம் ஆசிரியர் சொன்னார்: "ஐயா, முதலிலே சாமானைத் தெரிவு செய்யுங்கோ. பிறகு பையைத் தெரியலாம்." சூத்திரம் போன்ற வார்த்தை! வீடு திரும்பிப் பாயை விரித்து, கொண்டுபோக வேண்டியவை என்று நான் கருதிய எல்லாவற்றையும் பரப்பினேன். அவற்றிற் பாதியை அவர் எடுத்து அப்பால் வைத்தார். எஞ்சியவை: கமரா, வில்லைகள் இரண்டு, மேலதிக பற்றரி ஒன்று, மெமரி காட் இரண்டு, தூசி தட்டுந் தூரிகை ஒன்று, ஒரு சிறு முக்காலி. இவற்றுக்கு இடங்கொடுப்பதே பை. அதனினும் பெரிய பை வாங்கினால், வெற்றிடத்தை நிரப்பியே தீரும் மனித சுபாவம், சுமப்பது தோள்.

1970களின் நடுவிலே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பத்திரிகை ஒன்றில் நிழற்படப் பிடிப்பாளராயிருந்த ஜிம் டொம்கி என்பார், விறைப்பான பெட்டிகளைச் சுமந்து சலித்து, மெல்லிய கித்தான் துணியிலே தமக்கென ஒரு தோட்பையை வகுத்துக்கொண்டார். அந்தப் பையின் வழிவந்தவை இன்றும் விற்பனையாகின்றன. தொழில் செய்பவன் தன் தேவையை அறிந்து வகுத்த பை நெடுங்காலம் நிலைத்தது. தேவையை அறியாது வாங்கிய பைகள் அலுமாரியின் மேல் உறங்குகின்றன.

நான் கண்டறிந்தவற்றைப் பிரயாணஞ் செய்வோரின் பயன்கருதி ஈண்டுக் கூறுவேன். பையின் உள்ளே பஞ்சணைத் தடுப்புக்கள் இருத்தல் வேண்டும். அவை இடம்மாற்றி ஒட்டத் தக்கனவாயின் மிக நன்று. முதுகுப்பையாயின் அதன் வாய் முதுகின் பக்கமாகத் திறத்தல் நலம்; நெருக்கமான பஸ்ஸிலே பின்னால் நிற்பவருக்கு வாய் திறவாது. தோளிற் படியும் வார் அகன்றிருத்தல் வேண்டும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வார் இருப்பின் பாரம் இரு தோளிலும் ஒத்து அமையும். மழைக்கு ஒரு மேலுறை இன்றியமையாதது. கடையிலே வெறும் பையை மாட்டிப் பார்ப்பதிற் பயனில்லை. சாமான்களை இட்டு, கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து பார்த்தல் வேண்டும். பார்வைக்குப் பை எளிமையாக இருப்பதே பாதுகாப்பு. 'உள்ளே விலையுயர்ந்த பொருள் உண்டு' என்று அது ஊருக்கு அறிவித்தல் ஆகாது.

விமானத்திலே செல்வோர் இன்னும் இரண்டு காரியங்களை மனத்திற் கொள்ளவேண்டும். சாதாரண வகுப்பிலே கையோடு கொண்டுபோகும் பொதிக்கு 7 கிலோகிராம் என்று பல நிறுவனங்கள் வரையறுக்கின்றன. பையின் சொந்த நிறையே 2 கிலோகிராமாயின் எஞ்சுவது எவ்வளவு என்று கணக்கிடுக. மேலும், தனியாகக் கொண்டுபோகும் லித்தியம் பற்றரிகளைச் சரக்கறைப் பொதியில் இடுதல் தகாது. அவை கையோடு வரும் பையிலே, முனைகள் ஒன்றையொன்று தொடாதபடி இருத்தல் வேண்டும். கமராப் பற்றரிகள் 100 வாற்று மணி என்னும் எல்லைக்கு மிகவும் உட்பட்டவையாதலால், அதன் பொருட்டுக் கவலை வேண்டா.

வீடு சேர்ந்த பின்பு கமராவை மூடிய பைக்குள்ளேயே கிடக்க விடுவது பெருந் தவறு. நம் நாட்டு ஈரத்திலே வில்லையிற் பூஞ்சணம் படரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டை உடன் வைத்து, உலர்ந்த இடத்திலே பேணுதல் வேண்டும்.

இரண்டாம் முறை அந்தப் பையோடு சென்றேன். விதிமுறைகளைக் கேட்டறிந்து, அநுமதி பெற்றுப் படமெடுத்தோம். காலை இளவெயில் சுவரிலே சாய்ந்து விழும் நேரத்தில் எழுத்துக்கள் தாமே எழுந்து நின்றன. உச்சி வெயிலிலே அதே எழுத்துக்கள் கல்லோடு கல்லாயின. எழுத்துத் தெரிவதற்காகச் சுண்ணக்கட்டி பூசுவோர் உளர்; அது சாசனத்துக்குச் செய்யுந் தீங்கு. வெளிச்சத்துக்குக் காத்திருத்தலே முறை. திரும்பி வரும்போது மறுபடியும் மழை; முன்னையிலும் பெருமழை. மெமரி காட் பையின் உட்பையிலே இருந்தது. ஒரு துளியும் அணுகவில்லை.

இனிக் கணினிப் பாடம். நாங்கள் எடுத்துக்கொண்டது கிம்ப் என்னும் மென்பொருள். விலை இல்லை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலே பயின்ற மாணவர் இருவர் 1995இலே தொடங்கிய முயற்சி அது. விலைகொடுத்து வாங்கும் போட்டோஷொப்பும் ஒரு மாணவரிடத்திலேதான் முளைத்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே ஆராய்ச்சி மாணவராயிருந்த தோமஸ் நோல் 1987இலே அதன் முதல் உருவை எழுதினார். சகோதரர் ஜோன் நோல் துணை நின்றார். அடோபி நிறுவனம் 1990 பெப்ரவரியிலே வெளியிட்டது. மாணாக்கர் படைத்த வித்தையை ஒரு மாணாக்கரிடமே கேட்டறிவதில் எனக்கு வெட்கம் எதற்கு?

ஓரம் வெட்டுதல், சாய்ந்த படத்தை நிமிர்த்துதல் முதலியவற்றை முதல் நாளே கற்றேன். பின்பு ஒளியளவு. சாதாரணப் படத்திலே ஒவ்வொரு வர்ணத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். 0 முழு இருள், 255 முழு ஒளி. எந்தப் படியிலே எவ்வளவு உண்டென்பதை மலைத்தொடர் போன்ற ஒரு வரைபடம் காட்டும். மலை முழுவதும் நடுவிலே குவிந்திருந்தால் படம் மங்கலானது; இரு பக்கமும் இழுத்துவிட்டால் தெளிவு பெறும். மங்கிய கல் பளிச்சென்று துலங்கியபோது நான் சிறுபிள்ளைபோல மகிழ்ந்தேன்.

அடுத்துக் கறை நீக்குதல். என் ஆசிரியர் கைப்பட எழுதிய குறிப்பேடு ஒன்று என்னிடம் உண்டு. தாள் பழுத்து, எங்கும் கபிலப் புள்ளிகள். அதனைப் படமெடுத்து, புள்ளி நீக்குங் கருவியை ஏவினேன். கணப்பொழுதில் தாள் வெளுத்தது. வியந்து வாசிக்கத் தொடங்கினேன். முதலாம் பக்கத்துத் தலைப்பு 'கல்வி'. அதிலே லகரத்தின் மேலிருந்த புள்ளியையும் கருவி கறையென்று துடைத்துவிட்டது. புள்ளி இழந்த அச்சொல் வேறொரு சொல்லாகி நின்றது. அதனை ஈண்டு எழுதேன். தமிழறிந்தோர் தாமே உய்த்துணர்க. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்ற தொல்காப்பிய விதியைக் கணினி கற்றிலது. அதற்குத் தூசியும் ஒன்று, புள்ளியும் ஒன்று.

சிரித்தோம். ஆனால் அடுத்த பிழை சிரிப்புக்குரியதன்று.

சாசனப் படமொன்றிலே, ஒரு வரியில் ஓரெழுத்து மங்கிக் கிடந்தது. அங்கே ஒரு கால் இருப்பின், நான் நெடுநாளாக மனத்திலே வைத்திருந்த ஒரு பொருள் பொருந்தும். இருளை இருளாக்கினேன், ஒளியை ஒளியாக்கினேன். அந்த வரிக்கு மேலுங் கீழும் கீறலும் அழுக்குமாய்த் தெரிந்தவற்றைத் தூரிகையாலே துடைத்தேன். அந்த வரியை மாத்திரம் வெட்டி எடுத்தேன். அப்போது ஒரு நெட்டுக்கோடு தெளிவாகத் தோன்றிற்று. சோழர் காலத்து எழுத்திலே ரகரமும் காலும் ஏறக்குறைய ஒரே வடிவின. 'இது காலே' என்று துணிந்தேன். அன்றிரவே ஒரு கட்டுரை எழுதினேன். முன்னையோர் காணாததை யான் கண்டேன் என்னும் செருக்கு அதன் வரிதோறும் இருந்தது. உறையிலிட்டு விலாசமும் எழுதியாயிற்று.

மறுநாள் இளம் ஆசிரியர் படத்தைப் பார்த்தார், வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "ஐயா, மூலப் படம் எங்கே?" என்றார். திறந்தோம். அந்த நெட்டுக்கோடு ஒரு வரியோடு நிற்கவில்லை. மேல் வரியிலே தொடங்கி, என் 'கால்' வழியாக இறங்கி, கீழ் வரியையும் பிளந்து போயிற்று.

"இது கால் இல்லை ஐயா. கல்லு வெடிச்ச வெடிப்பு."

கல்லைக் காலாக்கியவன் நான்! வெடிப்பின் தலையையும் வாலையும் அழுக்கென்று துடைத்தவை என் கைகள். எஞ்சிய துண்டை எழுத்தென்று கண்டது என் ஆசை. கணினி பொய் சொல்லவில்லை, நான் சொல்வித்தேன். உறையைக் கிழித்தேன். மழையிலே அந்தப் பை மூலத்தைக் காத்தது. மூலம் என் மானத்தைக் காத்தது.

இப்பிழை புதியதன்று. போட்டோஷொப் பிறப்பதற்கு முன்னரே, 1982 பெப்ரவரியில், நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை அட்டைப்படத்துக்கு இடம் போதாமையால் எகிப்தியப் பிரமிட்டுக்களை ஒன்றையொன்று நெருங்கச் செய்து அச்சிட்டது. கண்டனம் எழுந்தது. நாலாயிரம் வருடத்துக்கு மேலாக அசையாத மலைகளை ஓர் அட்டையின் அகலம் அசைத்துவிட்டது!

நம்முடைய பதிப்பாசிரியர் இந்தச் சோதனையை நன்கு அறிந்தவர். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) கலித்தொகையை 1887இலே பதிப்பித்தபோது, தொட்டால் உதிரும் ஏடுகளோடு போராடினார். செல்லரித்த இடத்திலே தம் மனம் விரும்பியதை இட்டு நிரப்புதல் புலமையுடையார்க்கு மிக எளிது. எளிதாதலின் அஞ்சத்தக்கது. ஏடுகளை ஒப்புநோக்கி, கிடையாததைக் கிடையாதென்று விடுதலே நல்ல பதிப்பின் இலக்கணம். படந் திருத்தலும் ஒருவகைப் பதிப்பே.

ஆதலால் நானும் என் ஆசிரியரும் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது, மூலப் படத்தின்மேல் ஒருபோதும் கைவைத்தலாகாது. அதற்கு இரண்டு பிரதிகள் இரண்டு இடங்களிலே இருத்தல் வேண்டும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் அதன் நுட்பம் சிறிது தேயும் என்பதும் ஒரு காரணம். இரண்டாவது, திருத்தங்களை அடுக்கடுக்காக, வேண்டாதபோது நீக்கத்தக்கவாறு செய்தல் வேண்டும். கிம்ப் தன் சொந்த வடிவிலே அவ்வடுக்குக்களைப் பேணித் தரும். மூன்றாவது, செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் குறித்து வைத்தல் வேண்டும். படம் முழுவதற்கும் ஒளியைக் கூட்டலாம், குறைக்கலாம். சாசனத்திலும் ஏட்டிலும் ஒரு பகுதியை மாத்திரம் துடைத்தலும் வரைதலும் கூடா. கலியாணப் படத்து மணமகனின் பருவைத் துடைத்தால் வரலாறு கெடாது. அது வேறு விஷயம்.

இப்போது எங்கள் வகுப்பறையிலே மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் அருகருகே காட்டுகின்றோம். 'எது கால், எது வெடிப்பு?' என்று மாணாக்கரைக் கேட்கின்றேன். நான் ஏமாந்த கதையையுஞ் சொல்லுகின்றேன். சிரிக்கின்றார்கள், சிரித்துவிட்டு மூலத்தைக் கூர்ந்து பார்க்கின்றார்கள்.

பை சுவரிலே தொங்குகின்றது. அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் பொலன்னறுவை. அந்த வெடிப்பை நேரிலே ஒருமுறை பார்த்து வரவேண்டும்.