குளியல் தொட்டியில் குட்டி ராஜாக்கள்

கடை வாசலில் நாயை ஒப்படைத்துவிட்டு நாம் காபி குடிக்கப் போய்விடுகிறோம். திரும்பி வந்தால், கழுத்தில் ஒரு கலர் துணியைக் கட்டிக்கொண்டு மணக்க மணக்க நிற்கிறது. நடுவில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என்னதான் நடக்கிறது? சென்னையில் நாய்களைக் குளிப்பாட்டி அழகுபடுத்தும் ஒரு குரூமிங் கடையின் பின்கட்டில், கூட்டம் அலைமோதும் சனிக்கிழமை காலையில் நின்று பார்த்தேன். அடேயப்பா, என்ன ஒரு கலாட்டா!

வந்ததும் குளியல் இல்லை, முதலில் சீப்பு! நீள முடி கொண்ட ஷி ட்சூ நாயின் முடியில் சிக்கு இருக்கும்போதே தண்ணீர் ஊற்றினால் அது இறுகிப்போய், கத்தரிக்கோல் வைத்தால்தான் வழிக்கு வரும். அதனால் காதுக்குப் பின்னால், அக்குளில், வாலடியில் என்று ஒவ்வொரு சிக்காகப் பிரித்தெடுக்கிறார்கள். ஷி ட்சூவோ ஊரையே கூட்டுகிறது.

அடுத்து, நான் காத்திருந்த காட்சி. ஒரு பொமரேனியனைத் தூக்கித் தொட்டிக்கு மேலே பிடித்தார் அங்கே வேலை செய்யும் பெண். இன்னும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலே படவில்லை. ஆனால் நான்கு கால்களும் காற்றிலேயே நீச்சலடிக்கத் தொடங்கிவிட்டன! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறே வலித்துவிட்டது. தொட்டிக்குள் விரித்திருந்த ரப்பர் பாயில் பாதம் பதிந்த மறுகணம் நீச்சல் நின்றது. "பாதி பயம் தண்ணிக்கு இல்லைங்க, வழுக்கலுக்குத்தான்" என்றார் அவர்.

மணிக்கட்டில் விட்டுப் பார்த்த வெதுவெதுப்பான தண்ணீரைப் பின்னங்காலிலிருந்துதான் ஊற்ற ஆரம்பிக்கிறார்கள். முதுகு, வயிறு, கழுத்து என்று போய், முகம் கடைசி. அங்கே குழாய் கிடையாது, ஈரத்துணிதான். பக் நாயின் மூக்கு மடிப்பை மட்டும் விரலால் விரித்துத் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் ஒற்றி எடுக்கிறார்கள். விட்டால் அங்கேதான் புண் வரும். "கண்ணை மூடிக்கோ தங்கம், ரெண்டே நிமிஷம்டா" என்ற கொஞ்சல் வேறு. அந்தப் பக் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு அவர் கையில் சாய்ந்துவிட்டது!

எல்லாரும் அப்படி இல்லை. டாஷண்ட் நாய் ஒன்று கொட்டாவி விட்டது. தூக்கம் என்று நினைத்தேன், அது பதற்றமாம். உதட்டை நக்குவது, காதைப் பின்னுக்கு மடிப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது எல்லாமே "போதும், பயமாயிருக்கு" என்பதற்கான அடையாளங்கள். உடனே குழாயை மூடிவிட்டு, அது நிதானத்துக்கு வரும்வரை காத்திருந்தார்கள்.

இப்போது பொமரேனியனைப் பாருங்களேன்! பந்தாவாக வந்த ஆள், முழுக்க நனைந்ததும் கோழிக்குஞ்சு மாதிரி ஆகிவிட்டார். அடுத்த நொடி, ஒரே உதறல்! சுவர், கண்ணாடி, என் சட்டை, எல்லாம் தண்ணீர். இந்த உதறலை விஞ்ஞானிகள்கூட அளந்து பார்த்திருக்கிறார்கள். 2012-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி, முடியிலுள்ள நீரில் சுமார் 70 சதவீதம் சில நொடிகளுக்குள் பறந்துவிடுகிறது. உடம்பு சிறியதாக ஆக ஆக உதறலும் வேகமாகிறது: லாப்ரடார் நொடிக்கு 4, 5 முறை உதறினால் சுண்டெலி 30 முறை! 2024-இல் ஹார்வர்டில் எலிகளின் பிடரியில் எண்ணெய்த் துளி விட்டுப் பார்த்தபோது, மயிர்க்கால்களைச் சுற்றியுள்ள ஒருவகைத் தொடுநரம்புகள் இந்த உதறலைத் தூண்டுவது தெரியவந்தது. ஆக, நம் மேல் தண்ணீர் தெளிப்பது குறும்பே இல்லை. உடம்பு போடும் உத்தரவு!

கடைசிக் கட்டம், முடியை உலர்த்தும் ப்ளோயர். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்களுக்கு 40,000-ஐத் தாண்டியும் கேட்கும். அந்த இரைச்சல் எப்படி இருக்கும்! அதனால் காதைச் சுற்றி மெத்தென்ற துணிப்பட்டை போட்டு, காற்றை வால் பக்கமிருந்து காட்டுகிறார்கள். பொமரேனியனுக்கு மேல்முடி, உள்முடி என்று இரண்டு அடுக்கு. ஊதும்போது உதிர்ந்த உள்முடி அறை முழுக்கப் பறந்து என் மூக்கிலும் ஏறியது. சென்னைப் புழுக்கத்தில் உள்முடி ஈரமாகவே கிடந்தால் தோல் நோய் வந்துவிடும் என்பதால், தோல் தெரியும்வரை முடியை விலக்கி விலக்கி உலர்த்துகிறார்கள். மூக்கு சப்பையான பக்குக்குச் சூட்டைத் தாங்கும் சக்தி குறைவு. அதற்குக் குளிர்ந்த காற்றுதான்.

பொமரேனியனை இறக்கிவிட்டதும் பார்க்க வேண்டுமே! வாலைச் சுருட்டிக்கொண்டு அறையை வட்டமடித்து ஒரே ஓட்டம். குளித்த நாய்கள் பலவும் இப்படித்தான் தலைகால் புரியாமல் ஓடுமாம். மொத்த அறையும் கைதட்டுகிறது!

வீட்டிலேயே குளிப்பாட்டுகிறவர்களே, இவ்வளவும் உங்களாலும் முடியும். காலடியில் ஒரு ரப்பர் பாய், வெதுவெதுப்பான தண்ணீர், நாய்களுக்கென்றே உள்ள ஷாம்பூ. நம்முடையது வேண்டாம், அதன் தோலின் தன்மையே வேறு. முடியை அடிவரை உலர்த்துங்கள். கொட்டாவி விட்டால் நிறுத்துங்கள். அடம்பிடிக்கிறது என்று அதட்டாதீர்கள். அது பயத்தைச் சொல்கிறது. கொஞ்சம் பொறுமையாக நின்றால், அடுத்த முறை அதுவே உங்கள் கையில் சாய்ந்து நிற்கும்.