மகள்களும் மாட்டிக்கொள்கிறார்கள்

குண்டர் கும்பல் என்றாலே நமக்குப் பையன்களின் முகம்தான் நினைவுக்கு வரும். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் இருப்போரில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்று தெரிந்ததும் சமூகம் அதிர்ந்துபோனது. அன்று முதல் நம் பேச்செல்லாம் மகன்களைப் பற்றியே இருக்கிறது. இடைநிலைப்பள்ளியில் ஆலோசக ஆசிரியராக நான் சந்தித்தவர்களில் மகள்களும் இருந்தார்கள்.

அவர்கள் சொன்ன தொடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் அப்பாவின் குடி, அடி; சிலருக்கு வெளியே சொல்ல முடியாத வேறு தொல்லை. பள்ளியில் கேலி. அந்த நேரத்தில் ஒருவன் வந்து, "உன்மேல எவனாவது கை வச்சா என்கிட்ட சொல்லு" என்கிறான். முதலில் 'அண்ணன்', சில மாதங்களில் காதலன். இரண்டாம் படிவத்தில் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு வார்த்தை கோட்டைச் சுவர் மாதிரி தெரிகிறது.

பிறகு அதற்கு விலை கேட்கிறார்கள். ஒரு பொட்டலத்தைப் புத்தகப்பையில் வைத்திருக்கச் சொல்வார்கள். பெண் பிள்ளையின் பையை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு. எதிர்த்தரப்புப் பையனிடம் நைசாகப் பேசி ஓரிடத்துக்கு வரவழைக்கச் சொல்வார்கள். மறுத்தால் அவளுடைய படங்களைப் பரப்பிவிடுவதாக மிரட்டுவார்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்க ஆய்வாளர் ஜோடி மில்லர், கொலம்பஸ், செயின்ட் லூயிஸ் நகரங்களில் கும்பல்களில் இருந்த பெண் பிள்ளைகளைப் பேட்டி கண்டு 2001-இல் நூல் வெளியிட்டார். பாதுகாப்புத் தேடிப் போன பிள்ளைகள் கும்பலுக்குள்ளேயே துன்புறுத்தப்பட்டதை அதில் காட்டினார்.

இதனால் மனத்தில் ஏற்படும் காயம் சுலபமாகக் கண்ணில் படாது. வகுப்பில் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் உடல் விறைக்கும். இரவில் தூங்க மாட்டாள். வெயிலிலும் நீளக்கை சட்டை போட்டிருந்தால், கையில் கீறிக்கொண்ட தழும்புகள் இருக்கலாம். பாராங் வெட்டைக் கண்ணால் பார்த்ததைக்கூடக் குரல் மாறாமல் சொல்வாள். கேட்பவர்கள் அதைத் திமிர் என்பார்கள். தாங்க முடியாததைத் தாங்க மனம் மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விடக் கனமானது குற்ற உணர்ச்சி. அவள் பேச்சை நம்பி வந்த பையன் அடிபட்டிருப்பான். 'நானும்தானே செய்தேன்' என்ற எண்ணம் அவள் வாயைக் கட்டிப்போடுகிறது. தானும் பாதிக்கப்பட்டவள் என்று அவளால் சொல்லிக்கொள்ள முடிவதில்லை.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்ததும் என்ன நடக்கிறது? "மானம் போச்சே" என்று முதல் அறை விழுகிறது. பள்ளியை நிறுத்துகிறார்கள், வேறு மாநிலத்தில் உறவினர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 2001 சிறார் சட்டத்தின்படி, அடங்காத பிள்ளை என்று பெற்றோரே நீதிமன்றத்தை நாடவும் வழி உண்டு. ஆனால் அதைச் சொல்லியே பிள்ளையை மிரட்டுவது ஆபத்து. "உன் வீட்ல யாரும் உன்ன நம்ப மாட்டாங்க, நாங்கதான் இருக்கோம்" என்று கும்பல் முன்பே சொல்லி வைத்திருக்கிறது. நாம் கை ஓங்கினால் அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும்.

"யார் அவன்?" என்று முதலில் கேட்காதீர்கள். "இப்ப உனக்கு எதைப் பார்த்துப் பயமா இருக்கு?" என்று கேளுங்கள். பதில் வர நாளாகலாம், காத்திருங்கள். கைப்பேசியைப் பிடுங்கி எதையும் அழித்துவிடாதீர்கள். மிரட்டல் செய்திகள் போலீஸ் புகாருக்குச் சான்றாகும். உடனடி ஆபத்து என்றால் 999. உதவிக்குத் தாலியான் காசிஹ் 15999. மனம்விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. அரசாங்க கிளினிக்கில் கேட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்கள்.

இன்னொன்று. கும்பலை விட்டு வந்த பிறகும் அவள் அவர்களை நினைத்து அழுவாள். பெற்றோருக்குக் கோபம் பொங்குவது அப்போதுதான். அவளுக்கு இருந்த நண்பர்கள் அவர்கள் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். அந்த அழுகை ஓயும்வரை பக்கத்தில் ஒருவர் இருந்தால், அவள் திரும்பிப் போகாமல் இருக்க வழி உண்டு.