இந்தியன் கிரிக்கெட் லீக்

இந்தியன் கிரிக்கெட் லீக் (சுருக்கமாக ஐ.சி.எல்.) என்பது 2007 முதல் 2009 வரை இந்தியாவில் இயங்கிய தனியார் இருபது20 துடுப்பாட்டச் சுற்றுத்தொடர் ஆகும். எஸ்ஸெல் குழுமத்தின் தலைவர் சுபாஷ் சந்திரா இதனைத் தோற்றுவித்தார். இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியமோ பன்னாட்டுத் துடுப்பாட்ட அவையோ இதனை அங்கீகரிக்கவில்லை. இதனால் இதில் ஆடிய வீரர்கள் தடைக்கு உள்ளாயினர். இதில் எடுக்கப்பட்ட ஓட்டங்களும் வீழ்த்தப்பட்ட இலக்குகளும் அதிகாரப்பூர்வ இருபது20 பதிவேடுகளில் சேர்க்கப்படவில்லை. இச்சுற்றுத்தொடரின் முதல் வாகையாளர் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் அணி ஆகும்.

பின்னணி

இந்தியாவில் துடுப்பாட்ட ஒளிபரப்பு உரிமை பெருஞ்செல்வம் ஈட்டும் வணிகமாகும். எஸ்ஸெல் குழுமத்தைச் சேர்ந்த ஜீ தொலைக்காட்சி இவ்வுரிமையைப் பெறப் பலமுறை முயன்றது. 2004ஆம் ஆண்டின் ஏலம் வழக்கில் முடிந்தது. அவ்வழக்கில் 2005 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 3–2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. வாரியம், அரசியலமைப்பின் 12ஆம் பிரிவில் கூறப்படும் "அரசு" என்னும் வரையறைக்குள் அடங்காது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2006 பெப்ரவரியில் நிம்பஸ் நிறுவனம் 61.2 கோடி அமெரிக்க டாலருக்கு நான்காண்டு உரிமையை வென்றது. ஒளிபரப்ப ஆட்டங்கள் கிட்டாத நிலையில், ஆட்டங்களைத் தானே நடத்துவது என்ற முடிவுக்கு ஜீ வந்தது.

2007 மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளில் நடைபெற்ற உலகக்கிண்ணப் போட்டியின் முதற்சுற்றிலேயே இந்திய அணி வெளியேறியது. அதனால் எழுந்த மனக்குறை அடங்கும் முன்பே, 2007 ஏப்ரலில் புதிய சுற்றுத்தொடர் அறிவிக்கப்பட்டது. உள்ளூர் வீரர்களை வளர்ப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. 1983இல் உலகக்கிண்ணம் வென்ற இந்திய அணியின் தலைவரான கபில் தேவ் நிருவாகக் குழுவின் தலைவரானார். டோனி கிரெய்க், டீன் ஜோன்ஸ், கிரண் மோரே ஆகியோர் குழுவில் இடம்பெற்றனர்.

அமைப்பு

அணிகள் நகரங்களின் பெயரைத் தாங்கியிருந்தபோதிலும் அனைத்துக்கும் உரிமையாளர் எஸ்ஸெல் குழுமமே. முதற்பருவத்தில் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ், சண்டிகர் லயன்ஸ், டெல்லி ஜெட்ஸ், ஐதராபாத் ஹீரோஸ், கொல்கத்தா டைகர்ஸ், மும்பை சாம்ப்ஸ் என ஆறு அணிகள் இருந்தன. பன்னாட்டு அரங்கில் புகழ்பெற்றிருந்த பிரையன் லாரா (மும்பை), இன்சமாம் உல் ஹக் (ஐதராபாத்), கிறிஸ் கெயின்ஸ் (சண்டிகர்), மாவன் அத்தப்பத்து (டெல்லி) முதலியோர் தலைமை தாங்கினர். இவர்களுடன் இந்திய உள்ளூர் வீரர்கள் பலர் ஒப்பந்தம் செய்யப்பட்டனர்.

மைதானச் சிக்கல்

இந்தியாவின் பெரிய துடுப்பாட்ட அரங்குகள் பெரும்பாலும் வாரியத்தின் உறுப்புச் சங்கங்களின் கையில் உள்ளன. எனவே அவை கிடைக்கவில்லை. அன்றைய தொடர்வண்டித் துறை அமைச்சர் லாலு பிரசாத் யாதவ் தம் துறையின் மைதானங்களைத் தர முன்வந்தார். எனினும் ஆட்டங்கள் நடைபெற்றவை வேறு இடங்களில்: அரியானா மாநிலத்தின் பஞ்ச்குலா, குர்கான், ஆந்திரத் தலைநகராக அன்றிருந்த ஐதராபாத், குசராத்தின் அகமதாபாத். இவை மாநில அரசின் அல்லது மாநகராட்சியின் உடைமையான அரங்குகள் ஆகும். வாகை சூடிய சென்னை அணி சென்னையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

தடை

வாரியத்தின் நிலைப்பாடு தெளிவாக இருந்தது: இச்சுற்றுத்தொடரில் சேரும் வீரருக்கு ரஞ்சிக் கிண்ணம் உள்ளிட்ட வாரியப் போட்டிகளிலும் இந்திய அணியிலும் இடமில்லை. 2007 ஆகத்தில் தேசியத் துடுப்பாட்டக் கழகத்தின் தலைவர் பதவியிலிருந்து கபில் தேவ் நீக்கப்பட்டார். முன்னாள் வீரர்களாயின் வாரியம் வழங்கும் ஓய்வூதியமும் நிறுத்தப்பட்டது.

பிற நாட்டு வாரியங்களும் இதே வழியைப் பின்பற்றின. நியூசிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஷேன் பாண்டின் ஒப்பந்தம் 2008 சனவரியில் முறிக்கப்பட்டது. 2008 செப்டம்பரில் வங்காளதேசம் தன் வீரர்களுக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. பாக்கித்தானில் மட்டும் 2009 பெப்ரவரியில் சிந்து உயர் நீதிமன்றம் தடையை நிறுத்திவைத்து, வீரர்கள் உள்ளூர்ப் போட்டிகளில் ஆட வழிசெய்தது.

பன்னாட்டு வாழ்வை முடித்துவிட்ட லாரா போன்றோருக்கு இத்தடையால் இழப்பு குறைவு. இழப்பு மிகுந்தது இருபது வயதுகளில் இருந்த உள்ளூர் வீரர்களுக்கே. மாநில அணியில் ஆடுவதே அவர்களுக்கு இந்திய அணிக்கான ஒரே வழியாகும்.

சுற்றுத்தொடர்கள்

- முதற்பருவம் (30 நவம்பர் – 16 திசம்பர் 2007): அனைத்து ஆட்டங்களும் பஞ்ச்குலாவில் நடைபெற்றன. இறுதியாட்டத்தில் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் அணி சண்டிகர் லயன்ஸ் அணியை 12 ஓட்டங்களால் வென்று 10 இலட்சம் டாலர் பரிசைப் பெற்றது.
- இரண்டாம் பருவம் (மார்ச் – ஏப்ரல் 2008): அகமதாபாத் ராக்கெட்ஸ், லாகூர் பாட்சாஸ் சேர்ந்து அணிகள் எட்டாயின. ஐதராபாத் ஹீரோஸ் வென்றது. லாகூர் இரண்டாமிடம் பெற்றது.
- மூன்றாம் பருவம் (அக்டோபர் – நவம்பர் 2008): ஹபிபுல் பஷார் தலைமையில் டாக்கா வாரியர்ஸ் ஒன்பதாவது அணியாகச் சேர்ந்தது. அகமதாபாத்தில் நடந்த இறுதியாட்டங்களில் லாகூர் பாட்சாஸ் ஐதராபாத்தை வென்றது.

இதன்பின் தொடங்கிய உலகத்தொடர், 2008 நவம்பர் 26ஆம் நாள் மும்பையில் நிகழ்ந்த தாக்குதல்களை அடுத்துக் கைவிடப்பட்டது. அதற்குப் பின்னர் எந்தப் பருவமும் நடைபெறவில்லை.

சென்னை சூப்பர்ஸ்டார்ஸ்

ஆத்திரேலியாவின் ஸ்டூவர்ட் லா தலைவராகவும் மைக்கேல் பெவன் பயிற்றுநராகவும் இருந்தனர். இயன் ஹார்வி, இலங்கையின் ரசல் ஆர்னோல்ட், பாக்கித்தானின் சபீர் அகமது ஆகியோர் வெளிநாட்டு வீரர்கள். இந்திய அணிக்கு முன்னரே ஆடியிருந்த ஹேமங் பதானி, தி. குமரன் ஆகியோருடன் ஆர். சதீஷ், ஜி. விக்னேஷ் போன்ற தமிழ்நாட்டு வீரர்களும் இடம்பெற்றனர்.

இந்தியன் பிரீமியர் லீக்கின் வருகை

வாரியம் தடையோடு நிற்கவில்லை. உள்ளூர்ப் போட்டிகளின் ஊதியத்தை உயர்த்தியது. 2005–06இல் ஓர் ஆட்ட நாளுக்குச் சுமார் 16,000 ரூபாய் பெற்ற உள்ளூர் வீரர், 2007–08இல் சுமார் 35,000 ரூபாய் பெறும் நிலை உருவானது. 2007 செப்டம்பர் 13 அன்று இந்தியன் பிரீமியர் லீக் அறிவிக்கப்பட்டது. அம்மாதம் 24ஆம் நாள் இந்தியா முதலாவது உலக இருபது20 கிண்ணத்தை வென்றதால் இக்குறுகிய வடிவத்தின் மீது மக்களின் ஆர்வம் பெருகியது. 2008 சனவரியில் எட்டு அணிகளின் உரிமைகள் மொத்தம் 72.36 கோடி டாலருக்கு விற்கப்பட்டன. முதல் ஆட்டம் 2008 ஏப்ரல் 18 அன்று பெங்களூரில் நடைபெற்றது.

பெரிய அரங்குகள், இந்நாள் இந்திய வீரர்கள், பிற வாரியங்களின் ஒத்துழைப்பு ஆகிய மூன்றும் புதிய தொடருக்குக் கிடைத்தன. இம்மூன்றும் இல்லாத ஐ.சி.எல். விளம்பரதாரர்களையும் இழந்தது. ஊதிய நிலுவை குறித்து வீரர்கள் முறையிடலாயினர்.

முடிவும் பொதுமன்னிப்பும்

2009 ஏப்ரல் இறுதியில் வாரியம் பொதுமன்னிப்பை அறிவித்தது. மே 31க்குள் ஐ.சி.எல். தொடர்பை முறித்துக்கொள்பவர் உடனே உள்ளூர்ப் போட்டிகளில் ஆடலாம். இந்திய அணிக்குத் தகுதிபெற ஓராண்டு காத்திருக்க வேண்டும். பெரும்பாலான இந்திய வீரர்கள் இதனை ஏற்றனர். வீரர்களின்றிச் சுற்றுத்தொடர் முடிவுற்றது. கபில் தேவ் 2012 சூலையில் தம் தொடர்பை முறித்துக்கொண்டார்; அதன்பின் வாரியத்தின் ஒருமுறை உதவித்தொகையான 1.5 கோடி ரூபாய்க்கு அவர் தகுதி பெற்றார்.

மீண்டவர்களுள் அம்பாதி ராயுடு குறிப்பிடத்தக்கவர். 2004இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக்கிண்ணத்தில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய அவர், இந்திய அணியில் முதன்முதலில் ஆடியது 2013 சூலையில். ஐதராபாத் ஹீரோசில் ஆடிய ஸ்டூவர்ட் பின்னி 2014 சூனில் வங்காளதேசத்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் 4 ஓட்டங்களுக்கு 6 இலக்குகளை வீழ்த்தினார். ஆர். சதீஷ் 2010இல் மும்பை இந்தியன்ஸ் அணிக்கு ஆடினார்.

பிற நாட்டு ஒப்பீடுகள்

ஒளிபரப்பு உரிமை கிட்டாத தொலைக்காட்சி உரிமையாளர் தனித்தொடர் நடத்துவது இது முதன்முறையன்று. ஆத்திரேலியாவில் கெரி பாக்கர் 1977இல் உலகத் தொடர்த் துடுப்பாட்டத்தைத் தொடங்கினார். அதில் சேர்ந்து இங்கிலாந்துத் தலைமைப் பதவியை இழந்தவர், முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஐ.சி.எல். குழுவில் அமர்ந்த அதே டோனி கிரெய்க் ஆவார். 1977 நவம்பரில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம், வீரர்களைத் தடைசெய்வது நியாயமற்ற தொழில் தடை எனத் தீர்ப்பளித்தது. ஆத்திரேலியாவின் முன்னணி வீரர்கள் பாக்கர் பக்கம் இருந்ததால் வாரியம் 1979இல் இணங்கி ஒளிபரப்பு உரிமையை அவருக்கு அளித்தது. இந்தியாவில் முன்னணி வீரர் எவரும் வாரியத்தை விட்டு விலகவில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் அடிபந்தாட்டத்தில் பெடரல் லீக் 1914, 1915 ஆகிய ஈராண்டுகள் மட்டும் பெரிய தொடர்களுடன் போட்டியிட்டு மறைந்தது. அதன் அணிகளுள் ஒன்று தொடுத்த வழக்கில் 1922இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அடிபந்தாட்டம் வணிக முற்றுரிமைத் தடைச் சட்டத்துக்கு உட்படாது எனத் தீர்ப்பளித்தது. சிகாகோவின் ரிக்லி பீல்டு அரங்கு அத்தொடரின் அணிக்காகக் கட்டப்பட்டதே.

தாக்கம்

போட்டியை நடத்தும் அமைப்பே போட்டியாளர் எவர் என்பதையும் முடிவுசெய்யலாமா என்பது இவ்வரலாறு எழுப்பும் வினாவாகும். 2013 பெப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் வாரியத்துக்கு 52.24 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. பிரீமியர் லீக் ஒளிபரப்பு ஒப்பந்தத்தில், போட்டியான வேறு தொழில்முறைத் தொடர் எதனையும் அங்கீகரிப்பதில்லை என வாரியம் உறுதியளித்திருந்ததே காரணம். மேல்முறையீட்டில் அவ்வாணை நீக்கப்பட்டபோதிலும், 2017 நவம்பரில் ஆணையம் அதே தொகையை மீண்டும் விதித்தது.

அங்கீகாரத்தின் மதிப்பைச் சேலம் மாவட்டத்திலேயே காணலாம். சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராசன், வாரியத்தின் ஒப்புதலுடன் 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஆடிக் கவனம் பெற்றார். 2017 ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்ட அவர், 2020 திசம்பரில் இந்திய அணிக்கு ஆடினார். அவருடைய தமிழ்நாடு பிரீமியர் லீக் இலக்குகள் அவரை மேலே கொண்டு சென்றன. 2007இல் பஞ்ச்குலாவில் ஆடிய தமிழ்நாட்டு வீரர்களின் இலக்குகளோ அவர்களை வெளியே நிறுத்தின.