எலும்புக்குப் பெயர் எப்படிக் கிடைக்கிறது?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1938இல் திறந்த போர் நினைவகம், முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்தியச் சிப்பாய்களுக்கானது. கல் எழுப்ப உடல் தேவையில்லை. கொள்ளி வைக்கத் தேவை; அது யாருடையது என்றும் தெரிய வேண்டும்.

யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டிய மனிதப் புதைகுழிகளில் 2025இல் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு குழந்தையருகே நீலப் பள்ளிப்பை. யார் இவர்கள்?

மண்ணைத் தூரிகையால் நீக்கி, சலித்து, ஒவ்வொன்றும் கிடந்த நிலையைப் படமெடுப்பார்கள். வளர்ந்தவர் என்றால் இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்று காட்டும். பல் வளர்ந்த நிலை குழந்தையின் வயதைச் சொல்லும். பெயருக்கு டிஎன்ஏதான் வேண்டும். நம் ஊர் வெப்பமும் ஈரமும் அதைச் சிதைப்பதால், கடைவாய்ப்பல்லையும் உட்காதைச் சூழ்ந்த கெட்டி எலும்பையும் துளைப்பார்கள். உட்கரு டிஎன்ஏ அழிந்தாலும், உயிரணுவில் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தப்பலாம். அது தாய்வழி வருவது. அம்மா இல்லையென்றால் அக்காவின் எச்சில் போதும். ஆனால் அதே வரிசை ஊரில் வேறு பலருக்கும் இருக்கும். அதை மட்டும் நம்பக் கூடாது.

காலம்? மன்னார் புதைகுழியில் 2018இல் தோண்டிய எலும்புகளின் சில மாதிரிகளைக் கார்பன் சோதனை 15–17ஆம் நூற்றாண்டு என்றது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் பலர் அதை ஏற்கவில்லை. 1950களிலிருந்து அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐ ஏற்றிவிட்டதால், பின்னர் பிறந்தவர்களின் பல்லில் அந்தத் தடம் இருக்கும்; எலும்பு அண்மைக் காலத்ததா என்று அது காட்டும். அணுகுண்டால் இப்படியும் ஓர் உபகாரம்!

ஒப்பிட உறவினர் மாதிரி வேண்டும், பெற்றோருக்கோ வயதாகிறது. எச்சிலை இப்போதே எடுத்து வைக்கலாம், எலும்பு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.