படிக்கத்தக்க சித்திரக்கதைகள்

சித்திரக்கதை சிறுவர்க்கே உரியது என்னும் எண்ணம் தமிழ் மக்களிடையே வேரூன்றியுள்ளது. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் பள்ளிப் பருவத்தில் விரும்பிப் படித்தோரும் பின்னர் அதனை மறந்ததுண்டு. ஆயினும், வளர்ந்தோரும் பேணிப் படிக்கத்தக்க சித்திர நூல்கள் சில உள.

அவற்றுள் முதலாவது, ஆர்ட் ஸ்பீகல்மன் இயற்றிய 'மௌஸ்'. நாசிகளின் வதைமுகாமிலிருந்து பிழைத்த தம் தந்தையின் வரலாற்றை, யூதரை எலிகளாகவும் நாசிகளைப் பூனைகளாகவும் தீட்டி, அவர் உரைத்தார். 1992இல் அந்நூல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. மர்ஜான் சத்ரபியின் 'பெர்சிபோலிஸ்' ஈரானியப் புரட்சியை ஒரு சிறுமியின் கண்வழியே காட்டுவது.

திருக்கோவில், கல்முனை வாழ் மக்களுக்கு மிக அணுக்கமானது 'வன்னி'. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலொக் வரைய, 2019இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோளும், அதன்பின் மூண்ட போரும் ஒரு குடும்பத்தை அலைக்கழித்த கதை அது. அக்கடற்கோளில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமன்றோ?

இத்தகைய வரலாற்றுக்குச் சித்திரத்தால் விளையும் பயன் யாது? நிழற்படம் சாட்சியின் முகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சித்திரமோ முகத்தையும் பெயரையும் மாற்றி, பட்ட துயரத்தை மட்டும் மாற்றாது உரைக்கும். 'வன்னி'யின் கற்பனைக் குடும்பம், உயிர்பிழைத்தோரின் உண்மைச் சாட்சியங்களால் அமைந்ததே.

கொடிய காட்சிகள் உள்ளமையால், இந்நூல்களைச் சிறுவர் கையில் தனியே கொடுத்தல் தகாது. பெரியோர் முதலில் படித்து, வளர்ந்த பிள்ளைகளோடு அவைபற்றிப் பேசுதல் நன்று. இழந்தோரைக் குறித்துப் பேச வாயெழாத வீடுகளில், ஒரு படமே பேச்சைத் தொடக்கிவைக்கும்.